மூன்றரை மணிக் கண்ணீர்

ஃபோர்மன் அழுகிறார் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

மனைவி போய் நான்கு நாளாகியும் மனிதர் யார் முன்னாலும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். குழாய் ஒழுகுகிறது என்று வாஷர் மாற்றினார். அச்சகத்தை விட்டு வந்த பிறகும் ஃபோர்மன் மிடுக்கு போகவில்லை, துக்க வீட்டிலாவது போகக் கூடாதா என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

இப்போது மனைவியின் தையல் மிஷினுக்கு எதிரே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் தாடை வரை வழிந்துகொண்டிருந்தது.

"அழுடா தம்பி, அழுது தீர்த்துடு" என்று அவருடைய அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். "பாத்தியாம்மா, உங்கப்பன் ஒண்ணும் கல்லு இல்ல."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றரை தாண்டி ஐந்து நிமிடம்.

"அது அழுகை இல்ல அத்தை. தலைவலி."

"தலைவலிக்கா இப்படி?"

"சாதாரணத் தலைவலி இல்ல. வருஷத்துல ஒரு ஒன்றரை மாசம், தினம் இதே நேரத்துக்கு டாண்ணு வந்துடும். மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்காம், அது கணக்குப்படி வருதுன்னு டாக்டர் சொன்னார். வலது கண்ணு மட்டும் ஊத்தோ ஊத்துன்னு ஊத்தும். ஒரு இடத்துல இருக்க முடியாம சுவத்துல போய் முட்டுவார். அம்மா போன அன்னைக்குக்கூட மூணரைக்கு உள்ரூமுக்கு ஓடிக் கதவைச் சாத்தினாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

அத்தையின் கை முதுகிலிருந்து தானாக இறங்கியது.

அப்பாவோடு குடித்தனம் நடத்தியதைவிட அந்தத் தலைவலியோடுதான் அம்மா அதிகம் குடித்தனம் நடத்தினாள். வலி வரும் மாதங்களில் மூன்று மணிக்கே மிஷினை நிறுத்திவிடுவாள். துணி கேட்டு வந்தவர்கள் வாசலிலேயே காத்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து, மாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு அறைக்குள் அவர் பின்னாலேயே நடப்பாள். மிச்சத் துணியில் சிலிண்டருக்குப் பூப்போட்ட சட்டைகூடத் தைத்துப் போட்டிருந்தாள்.

ஆயுசு முழுக்க இவருடைய கடிகாரத்துக்கு ஓடியவளுக்காக ஒரே ஒரு சொட்டு வராதா என்று மகள் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வராது என்று தெரிந்ததும் அவளுக்கும் எல்லாம் மரத்துப்போனது. நாளைக் காலையில் கிளம்பப்போகிறாள். இனிமேல் எப்போதாவது ஃபோனில் விசாரித்தால் போதும் என்று முடிவு செய்துவிட்டாள்.

ஆனாலும் வலி வலிதானே. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து திறந்தாள். மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து, எலாஸ்டிக்கைத் தலைக்குப் பின்னால் மாட்டினாள்.

அவர் தலையை ஆட்டினார். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார்.

"பேசாதீங்கப்பா. மூச்சை இழுங்க."

அவர் கை மாஸ்க்கைக் கழற்றப் போனது. அவள் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இல்லன்னா எனக்கு இதுகூடவா பண்ணத் தெரியாது? சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை மாதிரி நாற்காலியில் அப்படியே இருந்தார். அம்மா செய்வது போலவே அவருடைய வலது கண்ணைத் துடைக்க மகள் துண்டை எடுத்தாள்.

துடைத்த கை பாதியில் நின்றது. இடது கன்னமும் நனைந்திருந்தது.

இத்தனை வருஷத்தில் வலி மாதங்களில் மூன்றரை மணிக்கு அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. மெதுவாக மாஸ்க்கைக் கழற்றினாள்.

"வலி வரலம்மா" என்றார் அவர். "நேரமாயிடுச்சு, வரவே இல்ல. இந்த வருஷத்துக்கு விட்டுடுச்சு போல."

மிஷினுக்குப் பின்னால் இருந்த காலி ஸ்டூலிலிருந்து அவர் கண் நகரவில்லை.

"அவகிட்ட சொல்லலாம்னு திரும்பினேன்."