ஒரு ஜீப் சாமான்

"அந்த அண்டா எதுக்கும்மா? நீ ஒருநாளும் அதுல தண்ணி பிடிச்சு நான் பாத்ததில்லையே."

"அது அப்படியில்லய்யா, சோலை வந்து…"

"கதையெல்லாம் வேண்டாம். வேணுமா, வேண்டாமா?"

"வேணும்" என்றாள் சாந்தம்மாள்.

மணிகண்டனுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் ரிட்டயர் ஆகிவிட்டாள். இன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்து வீட்டுச் சாவியை எஸ்டேட் ஆபீஸில் கொடுத்தாக வேண்டும். போடியில் அவன் குடியிருப்பதோ ஓர் அறையும் ஓர் அடுப்படியும். அதில் அவன், மனைவி சித்ரா, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்குப் பாய் விரிக்கவே பீரோவை நகர்த்த வேண்டியிருந்தது.

சித்ரா காலையிலிருந்து மூன்று தடவை போனில் கூப்பிட்டுவிட்டாள். "அத்தை வரட்டும். சாமானை எங்கிட்டு வைக்க? பிள்ளைக தலைமேலயா?"

ஒரு பைக்கு மேல் இடமில்லை என்று போன வாரமே அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தான். அம்மாவும் மண்டையை மண்டையை ஆட்டினாள். இப்போது பார்த்தால் தையல் மெஷின், குத்துவிளக்கு, பெட்டி பிரிக்காத குக்கர், மரத்தொட்டில். எதைத் தொட்டாலும் 'வேணும்'.

விளக்கைத் தூக்கினான். அடியில் பேர் வெட்டியிருந்தது: சின்னமுத்து. அண்டாவைப் புரட்டினான். அதில் சோலை.

முப்பது வருஷம் மானமாய்க் கொழுந்து கிள்ளியவள், போகிற போக்கில் ஊரார் சாமானையா வாரிக்கொண்டு போகிறாள்? அவளோ ஜீப் டிரைவர் ஷைஜுவோடு சேர்ந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தது. அத்தனை பேர் முன்னால் கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது.

போடிமெட்டு தாண்டி மலை இறங்கும்போது ஷைஜு கேட்டான். "அம்மா, முதல்ல சோலை வீடா, சின்னமுத்து வீடா?"

"சோலை வீடுய்யா. அப்பறம் தேவாரம் போயிட்டு, கோம்பைக்குப் போவோம்."

மணிகண்டன் திரும்பினான். "அங்கெல்லாம் எதுக்கு?"

"ரிட்டயர் ஆயிப் போனவுகல்லாம் வண்டி கொள்ளாத சாமானை என்கிட்டதான விட்டுட்டுப் போனாக. வந்து எடுத்துக்கிறோம்னாக. ஒருத்தராலயும் வர முடியல. நானும் எறங்கிட்டா அங்க யாரு பாத்துக்குவா? அதான் வீடு வீடா குடுத்துட்டுப் போயிருவோம்."

"அப்ப ஒன் சாமான்?"

"நீதான் எடமில்லன்னியே. கட்டிலு, சட்டிபானை எல்லாத்தையும் நேத்தே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன்."

அவள் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நானும் இந்தப் பையும்தான்யா வாரோம். எடம் பத்துமா?"