சனிக்கிழமைக் கட்டம்

உச்சி வெயில், சாப்பாட்டு மேசையில் விரித்த காகிதத்தில் விழுகிறது. சுகாதார அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மருமகள், எலியிலிருந்து வரும் தெள்ளுப்பூச்சிக் காய்ச்சல் கண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி வைக்கிறாள். நாளுக்கு ஒரு கட்டம். இடையிடையே பென்சில் மேசையைத் தட்டுகிறது. என் கணுக்காலில் ஏதோ ஊர்கிறது. மருமகள் முன்னால் குனிந்து சொறியும் வழக்கம் எனக்கில்லை. "சின்ன மாமாவுக்குப் புதன்கிழமைதானே காய்ச்சல் வந்துச்சு?" என்கிறாள். "என் தம்பி உயிருக்குப் போராடுறான், உனக்கு அவன் ஒரு புள்ளியா?" "புள்ளி தப்பினா, எவ்வளவு வேகமா பரவுதுங்கிற கணக்கே தப்பிடும், மாமா. பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குத் திங்கட்கிழமையே வந்திருக்கு. அப்ப அங்கதான் ஆரம்பம். பூச்சி மருந்து வண்டியும் முதல்ல அங்கதான் போகும்; ஆரம்பிச்ச இடத்துல பூச்சியைக் கொன்னாத்தான் பரவுறது நிக்கும்."

ஜன்னலுக்கு வெளியே தையல்காரரின் மனைவி, அழும் கைக்குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடக்கிறாள். எங்கள் தானியக் கிடங்கில் செத்த எலிகளைத் தம்பி அள்ளிப் போட்டதும், சனிக்கிழமையே படுத்ததும் தெரிந்தால் மூன்று தலைமுறையாகக் காத்த பேர் காற்றில் பறக்கும். பென்சில் தட்டுகிறது. குழந்தையின் அழுகை ஓயவில்லை. "சனிக்கிழமை," என்கிறேன். "நம்ம கிடங்குல." பென்சில் நின்றுவிடுகிறது. நான் குனிந்து கணுக்காலைச் சொறிகிறேன்.