அவர் பங்கு நடை

"நாலு நாளாவே துடிப்பு தாறுமாறா இருக்கு. தள்ளிப்போடாம இன்னைக்கே வந்துடுங்க," என்றாள் கைப்பேசித் திரையில் தெரிந்த நர்ஸ்.

மனைவி சட்டென்று இடது கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கடிகாரம் அந்தக் கையில்தான் இருந்தது.

நடையையும் நாடித்துடிப்பையும் எண்ணி, நேராக ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும் கடிகாரம். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள் என்று போன மாதம் கணவர் கொண்டுவந்தார். நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். தினமும் ஐயாயிரம் அடி நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு.

மனுஷன் நடந்தால்தானே. கொண்டுவந்த அன்றே பெட்டியோடு அவளிடம் நீட்டினார்.

"நீதான் ஸ்கூல் கேன்டீன்ல நாள் பூரா பம்பரமா சுத்துறியே. என் பங்கையும் சேர்த்து நடந்துடு."

"நல்லா இருக்கு. நாளைக்கு உங்க மாத்திரையையும் நானே முழுங்கணுமா?"

திட்டினாளே தவிர, கையில் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் அவர் பேச்சு வாங்குவதை அவளால் பார்க்க முடியாது.

மாடிப்படி ஏறினால் அவளுக்கும்தான் மூச்சு வாங்கியது. 'ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்' என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், 'ஒரு வீட்டுக்கு ஒரு ஹார்ட் பேஷன்ட் போதும்' என்று வாயை அடைத்துவிடுவாள்.

இப்போது அவள் வாய்தான் அடைத்துப்போனது.

பேசாமல் இருந்தால், இவள் துடிப்புக்கு அவருக்கு வைத்தியம் பார்ப்பார்கள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த உடம்பு. மறுபடியும் எதையாவது செய்து வைத்தால்?

கையைத் திரைக்கு நேரே நீட்டினாள்.

"சிஸ்டர், அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. ஏமாத்திட்டோம், தப்புதான். ஒரு மாசமா இதைக் கட்டியிருக்கிறது நான். அது அவரோட துடிப்பே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான், அப்படியென்றால் அது யாருடையது என்பது அவளுக்கு உறைத்தது. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் எதிரே இருந்த கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"உங்க துடிப்புன்னுதாம்மா நானும் சொல்றேன். உங்க பேரு, உங்க வயசு, உங்க போட்டோ. முதல் நாளே உங்க வீட்டுக்காரர் வந்து உங்க பேர்லதானே எழுதிக்கொடுத்துட்டுப் போயிருக்காரு."

அவள் மெல்லத் திரும்பினாள்.

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் அவளுடைய செருப்போடு நின்றிருந்தார்.

"திட்டுறதைப் போற வழியில திட்டு," என்றார்.