டிராஃபிக் அக்கா

“ஊசி போட்டுக்காத யாரும் நாளைக்கு உள்ளே வர வேண்டாம்!”

சூப்பர்வைசர் அக்கா வாயை மூடிய பிறகும் அவள் கைகள் சொல்லிக்கொண்டிருந்தன. நாலு ரோட்டு முனையில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி, அவள் பேசினால் கையும் கூடவே பேசும். தையல் கூடத்தில் அவளுக்கு ‘டிராஃபிக்’ என்று பெயர் வைத்தவன் கட்டிங் மாஸ்டர்தான்.

இப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அதேபோல் கையை வீசிக் காட்டினான். கூடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ரூபெல்லா. உடம்பெல்லாம் தடிப்பு, லேசாக ஜுரம். அதற்காக இங்கே மெஷின்களை நிறுத்திவிட்டாள் அக்கா. முதலாளி போனில் கத்துவது சுவர் தாண்டிக் கேட்டது. அவள் அசையவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அங்கே நர்ஸை உட்கார வைத்துவிட்டாள்.

“குழந்தைங்களுக்கு வர்ற சீக்குக்கு எருமை மாடு மாதிரி இருக்கற எனக்கு எதுக்குக்கா ஊசி?” என்றான் மாஸ்டர்.

“துணியில கத்திரி வைக்கறதுக்கு முன்னாடி காகிதத்துல அளவு வெட்டி வச்சுக்கறீங்கல்ல? அது மாதிரிதான். ஒரு நோஞ்சான் கிருமியை உள்ளே விட்டு உடம்புக்கு அளவு காட்டறோம். நெஜக் கிருமி வர்றப்ப உடம்பு முழிச்சுக்கிட்டு நிக்காது. சடசடன்னு வேலையை முடிச்சிரும்.”

“வந்தா வரட்டும். ரெண்டு நாள் லீவு கிடைக்கும்.”

மறுபடியும் சிரிப்பு.

ஒவ்வொருவராகப் போய்க் கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்கள். அயர்ன்காரர் வரும்போதே குரல் கொடுத்தார்.

“என்ன மாஸ்டர், உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் விலக்கா? டிராஃபிக்கைத் தனியா கவனிச்சிட்டீங்களோ?”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தான். நின்றுபோன மெஷின்களுக்கு நடுவே, காஜா மெஷினை மட்டும் ஓட்டிப் பட்டன் துளை தைத்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நேரே அவளிடம் போனான்.

“உனக்கு மட்டும் ஏன் இல்லை?”

“அக்கா வேண்டாம்னாங்க.”

“ஏன் வேண்டாம்னாங்க?”

“அவங்களைக் கேளுங்க.”

அக்காவிடம் போனான்.

“அவளுக்கு ஏன் இல்லை?”

“அவளையே கேளுங்க.”

“கேட்டேன். உங்களைக் கேக்கச் சொல்றா.”

“அப்ப ரெண்டு பேரும் சொல்லலைன்னு வச்சுக்குங்க.”

மாஸ்டர் தன் மேசைக்குத் திரும்பினான். கொஞ்ச நாளாகவே மனைவி சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். கேட்டால் பசியில்லை என்கிறாள். ஊசிகூடப் போட முடியாத அளவுக்கு என்ன நோய்? கத்திரியை எடுத்தான், வைத்தான். துணியை விரித்து சாக்பீஸால் கோடு போட்டான். கோடு கோணிக்கொண்டு போனது.

“அவளுக்கு இல்லாத ஊசி எனக்கும் வேண்டாம்!”

கத்தல் கூடம் முழுக்கக் கேட்டது. அக்கா பக்கத்தில் வந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, அதிசயமாக மெதுவாகப் பேசினாள்.

“இங்கே உங்க ரெண்டு பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வச்சிருவேன் மாஸ்டர். வீட்டுல என்ன பண்ணுவீங்க?”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கால்கள் நர்ஸின் மேசைக்குப் போய்விட்டன.

“இந்த ஊசியைச் சில பேருக்குப் போடக் கூடாது தம்பி,” என்றாள் நர்ஸ், பஞ்சை நனைத்துக்கொண்டே. “அவங்களுக்கு, சுத்தி இருக்கறவங்கதான் வேலி.”

“யாருக்குப் போடக் கூடாது?”

“மாசமா இருக்கறவங்களுக்கு. பெரியவங்களுக்கு இது சும்மா தடிப்பு, வந்துட்டுப் போயிரும். வயித்துல இருக்கற பிள்ளைக்கு அப்படி இல்லை. கண்ணு, காது, இதயம்னு எதுல வேணா கை வச்சிரும்.”

மாஸ்டர் மெல்லத் திரும்பினான். தலையைக் குனிந்தபடி, தைத்த துளையையே திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

போன தடவை, அவள் மாசமானது தெரிந்த அன்றைக்கே இந்தக் கூடம் முழுக்க இனிப்புக் கொடுத்தான். சில வாரங்களில் இதே கூடம் அவர்களுக்கு ஆறுதல் சொன்னது. இந்தத் தடவை இவனிடம்கூட மூச்சு விடவில்லை, பாவி.

சட்டைக் கையை மடித்தான். ஒன்றை மடித்தது போதாதென்று இன்னொன்றையும் மடித்தான்.

“எந்தக் கை வேணும்னாலும் எடுத்துக்கங்கம்மா.”

சாயங்காலம் வாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தான்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. ஆனா யாரோ ஒருத்தர் பிள்ளைக்காக முதலாளிகிட்ட இவ்வளவு வாங்கிக் கட்டிக்கணுமா?”

அக்கா பதில் சொல்வதற்குள் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிய பெண்ணுக்கு அப்படியே அக்காவின் முகம். அவள் வாயைத் திறக்கவில்லை. கைகள்தான் பறந்தன. அக்காவின் கைகளும் பறந்தன. அதே வீச்சு, அதே சுழற்சி. காலையில் அவன் நடித்துக் காட்டியதெல்லாம் இங்கே வார்த்தைகளாக இருந்தன.

அந்தப் பெண் அவனைச் சுட்டிக் காட்டி என்னவோ கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன சொல்றாங்க?”

“என் பொண்ணு. பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. மத்தியானம் மெசேஜ் போட்டிருந்தேன். ஊசிக்குப் பயந்தவர் இவர்தானான்னு கேக்கறா.”

ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த அக்கா, ஒரு கணம் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“இவ வயித்துல இருந்தப்ப, எனக்குப் பக்கத்து மெஷின்ல ஒருத்தர் இருந்தார் மாஸ்டர். அவரும் இதைத்தான் சொன்னார். ‘வந்தா வரட்டும், ரெண்டு நாள் லீவு கிடைக்கும்’னு.”