அப்பாவுக்கு ஒட்டிய குரல்

காட்சி ஊடகவியல் இறுதியாண்டு மாணவியான ஆரணி, திரையில் கடைசிப் பெயர் மறையும்வரை இருக்கையை விட்டு எழாதவள். அந்தத் துறையில் அப்பழக்கம் அவளுக்கு மட்டுமே இருந்தது. மற்றவர்களுக்காகப் படம் பார்ப்பதையும் திருத்துவதையும் மதிப்பெண் இடுவதையும் மென்பொருளே செய்துவந்தது.

பிறவியிலேயே பேச்சற்ற தன் தந்தை லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதை அவள் பன்னிரண்டு நிமிடப் படமாக எடுத்திருந்தாள். ஐந்து விநாடியைத் தாண்டும் மௌனத்தை மென்பொருள் விட்டுவைக்காது. அது திருத்தித் தந்த படத்தில் அவள் தந்தை, "என் தங்கமே, நீதான் என் உலகம்" என்று தேன்குரலில் கொஞ்சினார்.

"அழுதுட்டேம்மா!" என்றார் துறைத்தலைவர், கண்ணில் ஈரமின்றி.

"முழுசாப் பார்த்தீங்களா சார்?"

"சுருக்கம் பார்த்தேன். தொண்ணூத்தி நாலு மார்க் வந்திருக்கு, வேறென்ன வேணும்?"

"எங்கப்பாவுக்குப் பேச வராது சார்."

"அதனாலென்ன? இப்ப ஜோராப் பேசுறாரே!"

இவரிடம் கோபப்படுவதுகூட இவருக்குச் செய்யும் மரியாதையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"நான் எடுத்ததையே வெச்சுக்கிறேன் சார்."

"ஃபெயிலாயிடுவே. பட்டம் கிடைக்காது."

"சரி சார். ஃபெயில்னே போட்டுக்குங்க," என்றாள் ஆரணி.