மௌனச்சாமி பேசிய காலை

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்த அந்த உயரமான சாமியார், எழுபத்தேழில் ஊருக்கு வந்த நாளிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. வடக்கே இருந்து வந்த மௌனி என்று எல்லோரும் நம்பினார்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்த எல்லம்மாள், அவர் எதிரே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எம்புள்ள தருமன் புரட்சிக் கட்சிக்காரங்களோட சேந்து துப்பாக்கி தூக்கிட்டான் சாமி. ஜவ்வாது மலையில ஒளிஞ்சினு இருக்கான். எடம் எனக்கு மட்டும்தான் தெரியும். போலீசு வந்து, எடத்தச் சொல்லும்மா, ஒரு அடி அடிக்காம கூட்டினு வர்றோம்னாங்க. பெத்த மனசு கேக்குமா? நானும்..."

"சொல்லாதே அம்மா!"

கரகரத்த குரல். எல்லம்மாள் கூப்பிய கையோடு அப்படியே இருந்துவிட்டாள்.

"நான் சாமி இல்லே. பாகிஸ்தானிலே பலுசிஸ்தான் என் ஊர். தனி நாடு வேணும்னு நானும் தம்பியும் மலையிலே சண்டை போட்டோம். சிப்பாய் வந்து என் அம்மாகிட்டே இதேதான் சொன்னான். அம்மா நம்பிச்சு, இடம் சொல்லிச்சு. தம்பி பிணம்தான் வந்தது. நான் தப்பிச்சு ஓடி வந்தேன். தமிழ் இங்கே காதாலே கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டது. பேசினா எந்த ஊருன்னு தெரிஞ்சிடும். அதான் பேசலே."

எல்லம்மாள் கூப்பிய கையை இறக்கினாள்.

"நேத்தும் வந்தேனே சாமி. மௌனச்சாமிகிட்ட வாய் விட்டுக் கேக்கக் கூடாது, மனசுக்குள்ளதான் கேக்கணும்னாங்க. எடத்தச் சொல்லிடட்டுமான்னு மனசுக்குள்ள கேட்டேன். நீங்க என் கையில திருநீறு வச்சீங்க. உத்தரவு கெடச்சிடுச்சின்னு நேரா ஸ்டேஷனுக்குப் போயிட்டேன். காலையிலயே மலைக்குப் பொறப்பட்டுட்டாங்க."