கோட்டு போடாத குற்றம்

லேபிள் அக்கா மேல் ஒரு மொட்டைக் கடிதாசி வந்திருந்தது.

ஐஸ்கிரீம் ஃபேக்டரியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. இருபது வருஷ சர்வீஸ். இதுவரை ஒட்டின லேபிள்களை வரிசையாகப் பரப்பினால், நிலாவுக்கு நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஆகப்போகிறவர் பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று அவள். இன்னொன்று, அதே ஷிஃப்டில் பெட்டி கட்டுகிற அவளுடைய நாத்தனார்.

இந்த நேரம் பார்த்துக் கடிதாசி.

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"லேபிள் ஒட்டும் பெண்மணி, கோட்டு போடாமல் குளிர் அறைக்குள் போகிறார். தினமும் பத்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம்... நிஜமாக்கா?"

"பொய் சார்."

"பொய்யா?"

"பத்தெல்லாம் இல்ல. ஆறு, ஏழு இருக்கும்."

குளிர் அறை சாதாரணமான இடமில்லை. மைனஸ் இருபது டிகிரி. கோட்டு, கையுறை, காதுமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு போகிற லோடுமேனுக்கே, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் மீசை மடங்கும். அங்கே இவள் வெறும் சேலையோடு நுழைந்து, பூங்காவில் காற்று வாங்கினவள் மாதிரி 'அப்பாடா' என்று வெளியே வருவாள்.

"உள்ள என்ன பண்றீங்க?"

அவள் முகமும் கழுத்தும் குப்பென்று சிவந்தன. ஏசி ஓடுகிற அறையில் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. மேசையில் கிடந்த ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டாள். அவள் மேல் வந்த புகாருக்காகத் திறந்த ஃபைல்தான் அது.

"ஐஸ்கிரீம் எடுத்தீங்களா?"

"அந்த வாசனையிலயே இருபது வருஷம் ஓடிப்போச்சு சார். கனவுல வந்தாக்கூடத் துரத்திவிட்டுருவேன்."

"அப்ப என்னதான் விஷயம்?"

சொல்லலாம். எட்டு மாதமாக உடம்புக்குள் யாரோ நினைத்த நேரத்துக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள். தூக்கம் காணாமல் போய்விட்டது. மாதாமாதம் வருவது இரண்டு மாதம் ஏமாற்றிவிட்டு, மூன்றாம் மாதம் அணை உடைந்த மாதிரி வருகிறது. எல்லாம் சொல்லலாம்தான். ஆனால் மேனேஜருக்கு வயது முப்பது. அவள் மகனைவிட மூன்று வயது மூத்தவர்.

"சும்மாதான் சார்."

மேனேஜர் ரூல் புக்கைப் புரட்டினார்.

"கோட்டு இல்லாம மூணு நிமிஷத்துக்கு மேல உள்ள இருந்தா, விசாரணைக்கு முன்னாடி கம்பெனி டாக்டரைப் பார்த்தே ஆகணும்னு போட்டிருக்கு. போய்ச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் வேலையில நிக்க முடியாது."

"சூப்பர்வைசர் போஸ்ட்டு?"

"சீட்டு வரட்டும்."

சாப்பாட்டு அறை முழுக்க அன்றைக்கு இதே பேச்சு.

"அண்ணி அண்ணின்னு வாய் நிறையக் கூப்பிடுவா. நாற்காலின்னு வந்ததும் பார்த்தியா?"

நாத்தனார் காதிலும் அது விழுந்தது. தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனாள்.

டாக்டர் ஒரு அம்மா. பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டார்.

"மாதவிடாய் நிக்கப்போற நேரம்மா இது. சூடு ஏறுறது, தூக்கம் கெடுறது, சுள்ளுனு கோபம் வர்றது எல்லாம் அதோட கூட்டாளிங்க."

"எல்லாருக்கும் வர்றதுதானே டாக்டர்?"

"வரும். அதுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்கணுமா? போதாததுக்குத் தைராய்டு வேற தள்ளாடுது. ரத்தம் பாதிதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா, மெஷின் பக்கத்துலயே மயங்கி விழுந்திருப்பே."

லேபிள் அக்கா ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"சரியாகுமா?"

"தைராய்டுக்கும் ரத்தத்துக்கும் மாத்திரை இருக்கு. சூட்டுக்கும் வழி இருக்கு. ரெண்டு மாசத்துல நீயே வந்து சொல்லு."

சீட்டைப் படித்த மேனேஜருக்குக் காது நுனி சிவந்தது.

"சாரிக்கா. பட்டியல்ல உங்க பேரு அப்படியேதான் இருக்கு. நீங்க நிக்கிற இடத்துல ஒரு ஃபேன் மாட்டச் சொல்லிட்டேன்." புகாரை ஃபைலிலிருந்து உருவி நீட்டினார். "இது இனிமே எனக்கு வேண்டாம். கிழிச்சுப் போட்டுருங்க."

அவள் கிழிக்கவில்லை. பிரித்துப் படித்தாள். நேராகப் பெட்டி கட்டுகிற இடத்துக்குப் போனாள்.

"பென்மனியாம். மூணு சுழி போட வேண்டிய இடத்துல எல்லாம் ரெண்டு சுழி. இந்தக் கட்டடத்துல அப்படி எழுதற ஆளு ஒருத்திதான்."

நாத்தனார் கடிதாசியைப் பார்த்தாள்.

"ஆமா அண்ணி. நான்தான்."

"போஸ்ட்டுக்காகவா?"

"எட்டு மாசமா டாக்டர்கிட்ட வாங்க, வாங்கன்னு கெஞ்சினேன். வந்தீங்களா? குளிர் ரூம் இருக்கும்போது டாக்டர் எதுக்குன்னு கேட்டீங்க."

"அதுக்காக மொட்டைக் கடிதாசியா? திருடின்னு பேரு வந்திருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

நாத்தனார் டேப்பை நறுக்கென்று பல்லால் கடித்துப் பெட்டியை ஒட்டினாள்.

"ரூல் புக்கை முழுசாப் படிச்சுட்டுத்தான் அண்ணி எழுதினேன். திருடறாங்கன்னு எழுதினா வீட்டுக்கு அனுப்புவாங்க. கோட்டு போடலைன்னு எழுதினாத்தான் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க."